இரண்டு அடுப்பு, ஒரு குடும்பம்

தீபாவளியை அடுத்து வரும் சாத் பண்டிகைக்கு முந்திய வாரங்களில், சென்னை சென்ட்ரலிலும் திருப்பூரிலும் வடக்கே செல்லும் ரயில்களின் ஜெனரல் பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு, நாம் இன்று எடுத்துக்கொள்ளும் விஷயம் புதிதன்று. கதவுப் படியிலும், கழிப்பறை வாசலிலும், பெட்டிகளுக்கு இடையேயுள்ள நடைவழியிலும் நெருக்குண்டு நின்றபடியே இரண்டு நாள் பிரயாணம் செய்து பீகாரையும் ஜார்க்கண்டையும் ஒடிசாவையும் அடைகிறவர்கள், யாத்திரை போகிறவர்கள் அல்லர். தங்கள் சொந்த வீட்டுக்கு விருந்தாளிகளாகப் போகிறவர்கள். பத்து மாதம் பட்டணத்தில் உழைத்து, இரண்டு மாதமோ இருபது நாளோ கிராமத்தில் இருந்துவிட்டுத் திரும்புவதே இவர்கள் வாழ்க்கை. குடும்பம் ஒன்றுதான், ஆனால் அடுப்பு இரண்டு. ஒன்று கிராமத்தில் மனைவி மூட்டுவது. மற்றொன்று பட்டணத்தில் எட்டுப் பேர் பங்கிட்டுக்கொண்ட அறையில் அவனே மூட்டிக்கொள்வது. இவ்விரண்டு அடுப்புக்களுக்கும் இடையே நம் தேசத்தின் தொழில் வளம் முழுவதும் நிற்கிறது என்றால் அது மிகையாகாது.

இத்தகையோர் எத்தனை பேர் என்று கேட்டால் விடை எளிதில் கிடைப்பதில்லை. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, பிறந்த ஊரையோ முன்பு வசித்த ஊரையோ விட்டு வேறிடத்தில் வாழ்வோர் சுமார் 45 கோடி. இவர்களில் ஒரு பெரும் பகுதியினர் விவாகத்தின் பொருட்டு வேறு ஊருக்குச் சென்ற பெண்கள். ராஜ்ய எல்லையைக் கடந்து வந்தவர்கள் சுமார் 5.4 கோடி. 2016-17-ஆம் வருஷத்துப் பொருளாதார அறிக்கை, ரயில் பிரயாணக் கணக்கை ஆதாரமாகக் கொண்டு, வருஷந்தோறும் சராசரி 90 லட்சம் பேர் வேலைக்காக ராஜ்யம் விட்டு ராஜ்யம் செல்வதாக மதிப்பிட்டது. ஆனால் ஆறு மாதம் செங்கல் சூளையிலும் ஆறு மாதம் ஊரிலும் இருப்பவன் எந்தக் கணக்கிலும் சரியாக அகப்படுவதில்லை. கணக்கெடுப்பவர் வரும் நாளில் அவன் எங்கே இருக்கிறானோ, அவ்விடத்தானாகவே எழுதப்படுகிறான். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்போ, 2027 மார்ச் 1-ஆம் தேதியைக் குறிப்பு நாளாகக் கொண்டு நடத்தப்படும் என்று 2025-ல்தான் அறிவிக்கப்பட்டது. எண்ணப்படாதவனுக்குத் திட்டத்தில் இடமில்லை என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பொருள் தேடிப் பிரிவது நம் ஜனங்களுக்குப் புதிய அனுபவமன்று. பொருள்வயிற் பிரிவு என்பதை ஒரு துறையாகவே வகுத்தது நம் சங்க இலக்கியம். கார் காலத்துக்குள் திரும்புவேன் என்று சொல்லிச் சென்றவனை எதிர்பார்த்திருக்கும் தலைவியை அறியாத தமிழன் இல்லை. அதே துயரத்தை இருபதாம் நூற்றாண்டில் போஜ்புரி மொழியில் நாடகமாக்கியவர் பிகாரி டாகுர். சரண் ஜில்லாவில் 1887-ல் பிறந்த இவர் இயற்றிய ‘பிதேசியா’, கல்கத்தாவுக்குப் பிழைக்கப் போனவனின் மனைவியைப் பற்றியது. சரணும், 1917-ல் காந்தியடிகள் அவுரி விவசாயிகளுக்காகப் போராடிய சம்பாரணும் இன்றும் ஆண்மக்களை ரயிலேற்றி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அன்று கல்கத்தா, இன்று டில்லி, சூரத், லூதியானா, பெங்களூர், திருப்பூர். ஊர்ப் பெயர்கள் மாறினவேயன்றி ஏற்பாடு மாறவில்லை.

பம்பாய் பஞ்சாலைகள் ரத்தினகிரி ஜில்லாவின் ஆண்களைக் கொண்டே பல தலைமுறை ஓடின. அவர்களுக்குச் சோறு சமைத்துப் போட்ட பெண்களின் ‘கானாவள்’ என்னும் சாப்பாட்டு வீடுகள் மில் பேட்டையின் ஓர் அங்கமாகவே இருந்தன. 1896-ல் பிளேக் நோய் பரவியபோது லட்சக்கணக்கான ஜனங்கள் அந்நகரைக் காலி செய்துகொண்டு கொங்கணத்துக்கும் தக்காணத்துக்கும் ஓடினார்கள். 1929-ல் நியமிக்கப்பட்டு 1931-ல் அறிக்கை சமர்ப்பித்த ராயல் தொழிற் கமிஷன் இவ்விஷயத்தை விரிவாக ஆராய்ந்தது. கிராமத்தோடு தொழிலாளிக்கு உள்ள தொடர்பு ஒரு செல்வமே, அதை அறுக்க முயலாமல் ஒழுங்குபடுத்துவதே தக்கது என்பது அதன் முடிவு. அன்னிய ஆட்சியின் கமிஷன்தான். எனினும் சொன்னது உண்மை. ஒழுங்குபடுத்தும் வேலை மட்டும் இன்று வரை நடக்கவில்லை.

நிற்க. இக்குடும்பங்கள் எவ்வாறு காலக்ஷேபம் செய்கின்றன என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். புருஷன் வெளியூர் போன வீட்டில் மனைவி ஒரே காலத்தில் நான்கு வேலைகளை ஏற்கிறாள். நாற்று நடவும் அறுப்பும் அவள் பொறுப்பு. மாமன் மாமியின் மருந்தும் பத்தியமும் அவள் பொறுப்பு. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அவள் பொறுப்பு. கடன்காரனுக்குப் பதில் சொல்வதும் அவள் பொறுப்பே. ஆனால் நிலத்தின் பட்டா மாமனார் பெயரிலோ புருஷன் பெயரிலோ இருக்கிறது. ஆகவே பாங்கிக்குப் போனால் அவள் விவசாயி அல்லள். நிலமுடைய குடும்பங்களுக்கு மத்திய சர்க்கார் வருஷத்துக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வழங்கும் திட்டத்தில், பணம் பட்டாதாரரின் கணக்குக்கே போகிறது. குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவளுக்கு அதுவும் இல்லை. உழுகிறவள் ஒருத்தி, உழவர் என்று பெயர் பெறுகிறவர் வேறொருவர்; இவ்விபரீதம் லட்சக்கணக்கான வீடுகளில் நித்திய வழக்கமாகிவிட்டது.

பணம் வரும் வழி மாறியிருக்கிறது. முன்பு தபால்காரர் கொண்டுவரும் மணியார்டர்தான் கிராமத்தின் உயிர்நாடி. இன்று கைப்பேசியின் மூலம் ஒரு நொடியில் பணம் வந்துவிடுகிறது. 2014-ல் தொடங்கிய ஜன் தன் திட்டத்தால் பெண்கள் பெயரில் பாங்கிக் கணக்கு ஏற்பட்டது மெய்யான நன்மை. இதை நாம் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. பணம் மாமனார் கையில் விழாமல் தன் கணக்கில் விழுந்தால், அதைச் செலவிடும் விஷயத்தில் அவளுக்கும் ஒரு வார்த்தை உண்டாகிறது. ஆயினும் பாங்கி தூரத்தில் இருக்கிறது. ஊரிலுள்ள முகவரிடம் கைரேகை வைத்துப் பணம் எடுக்க வேண்டியிருக்கிறது. ரேகை தேய்ந்த கைகளை இயந்திரம் ஏற்க மறுக்கும் நாளில், கணக்கில் பணம் இருந்தும் வீட்டில் அடுப்பு எரியாது.

வந்த பணம் நிற்பதும் இல்லை. பெரும்பாலும் புறப்பாடே கடனில் தொடங்குகிறது. ரயில் செலவு, மேஸ்திரி கொடுத்த முன்பணம், சகோதரியின் விவாகம், தகப்பனாரின் வைத்தியம் இவை எல்லாம் சேர்ந்துதான் ஒருவனை ஊரை விட்டுத் தள்ளுகின்றன. அவன் போன பிறகு, பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுக்கும் சிறு கடன் கம்பெனிக்காரர் வாரந்தோறும் வாசலுக்கு வருகிறார். பட்டணத்தில் ஒரு மாதம் வேலை நின்றால், கிராமத்தில் நான்கு வாரத் தவணை நின்றுபோகிறது. ஒரு கடனைத் தீர்க்க மற்றொரு கடன். அதைத் தீர்க்க மறுபடியும் பிரயாணம். பிரயாணம் ஆசையினால் நடப்பதன்று, தவணையினால் நடப்பது.

ஒடிசாவின் மேற்கேயுள்ள பலாங்கிர், நுவாபடா ஜில்லாக்களின் நிலைமை இன்னும் கொடிது. புதிய நெல்லைப் படைக்கும் நுவாகாய் பண்டிகை முடிந்ததும் தரகர்கள் முன்பணத்துடன் கிராமங்களுக்கு வருகிறார்கள். செங்கல் சூளைக்கு வேண்டியது தனி ஆள் அன்று. புருஷன், மனைவி, கூட ஒரு பிள்ளை சேர்ந்த ஒரு தொகுதி. தெலுங்கு நாட்டுக்கும் நம் திருவள்ளூர் ஜில்லாவுக்கும் வருகிறவர்கள் இவ்வாறு வருகிறவர்களே. மழைக்கு முன்பு திரும்பும் வரை அவர்கள் அறுக்கும் கற்களின் எண்ணிக்கை வாங்கிய முன்பணத்தோடு கணக்குப் பார்க்கப்படுகிறது. 1976-ல் கொத்தடிமை முறையைச் சட்டம் ஒழித்தது. ஆனால் முன்பணம் தீரும் வரை சூளையை விட்டுப் போகக் கூடாது என்று தடுக்கப்படுகிறவனை வேறு எந்தப் பெயரால் அழைப்பது? பெற்றோர் போகும்போது பிள்ளைகளை ஊரிலேயே நிறுத்திப் படிக்கவைக்கும் பொருட்டு ஒடிசா சர்க்கார் பருவகால விடுதிகளை நடத்தி வந்திருக்கிறது. இது எளிய, செலவு குறைந்த, மிக நல்ல ஏற்பாடு. மற்ற ராஜ்யங்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இனிப் பட்டணத்து அடுப்பைப் பார்ப்போம். ஓர் அறையில் எட்டுப் பேர். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் படுக்கிறான். சமையல் முறை வைத்து நடக்கிறது. சாயங்காலம் கைப்பேசியில் மனைவியின் முகத்தைப் பார்த்து, பிள்ளை பள்ளிக்குப் போனானா, மாட்டுக்குத் தீவனம் இருக்கிறதா என்று கேட்பதுதான் குடும்ப வாழ்க்கை. குழந்தை தகப்பனை ஒரு கண்ணாடித் துண்டில் பார்த்தே வளர்கிறது. மனைவியை அழைத்துக்கொள்ளலாமே என்று கேட்பது எளிது. தனி அறையின் வாடகையும் முன்பணமும் அவன் சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். மீதி இருப்பதைக் கொண்டு கிராமத்திலுள்ள முதியோரைக் காப்பாற்ற முடியாது. குடும்பம் பிரிந்திருப்பதன் காரணம் இந்தக் கணக்கு ஒன்றே. முதலாளி கொடுக்கும் கூலி ஒரு மனிதனின் சாப்பாட்டுக்குப் போதுமானது. குடும்பத்தைப் போஷிக்கும் செலவில் பாதியைக் கிராமமும், அதில் பாடுபடும் பெண்ணின் கூலியில்லா உழைப்பும் தாங்குகின்றன. பட்டணத்தின் மலிவான சரக்குக்குக் கிராமம் இவ்வாறு மறைமுகமாக வரி செலுத்துகிறது.

தொழிலாளருக்கு இருப்பிடம் கட்டும் முயற்சி அடியோடு இல்லை என்று கூறமாட்டோம். 2024 ஆகஸ்டில் காஞ்சிபுரம் ஜில்லா வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க விடுதியைத் தமிழ்நாடு சர்க்கார் திறந்துவைத்தது. வெளியூரிலிருந்து வரும் இளம் பெண்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் விடுதி என்பது படுக்கை. வீடு என்பது அடுப்பு. மணமானவனும், மணமானவளும், கைக்குழந்தையும் சேர்ந்து வாழத்தக்க சிறு வாடகை வீடுகள் தொழிற்பேட்டைகளின் அருகில் எத்தனை கட்டப்பட்டிருக்கின்றன என்பதே நம் கேள்வி.

இவ்வேற்பாட்டின் பலவீனம் முழுவதையும் 2020-ஆம் வருஷம் வெட்டவெளிச்சமாக்கியது. மார்ச் 24-ஆம் தேதி இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில், தேசம் முழுவதும் அடைக்கப்பட்டது. கூலி நின்றது, வாடகை நிற்கவில்லை, ரயிலும் இல்லை. லட்சக்கணக்கானவர்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்து நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலிருந்து ரயில் பாதை வழியே நடந்து, களைத்துத் தண்டவாளத்திலேயே உறங்கிவிட்ட 16 மத்தியப் பிரதேசத் தொழிலாளர் மே 8-ஆம் தேதி சரக்கு ரயில் ஏறி மாண்டார்கள். அவர்கள் கட்டிக்கொண்டு போன ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த காட்சியை இத்தேசம் மறக்கலாகாது. பிறகு விடப்பட்ட விசேஷ ரயில்களில் சுமார் 63 லட்சம் பேர் ஏறினார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பியதாகச் சர்க்காரே செப்டம்பரில் பார்லிமெண்டில் தெரிவித்தது. வழியில் மாண்டவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அவ்விவரம் தன்னிடம் இல்லை என்பதே அதன் பதில். வேலை உள்ள வரை பட்டணத்தவன். வேலை நின்ற மறுநாளே அன்னியன். இதுதான் அன்று நாம் கண்ட உண்மை.

சட்டம் இல்லாமலில்லை. 1979-ஆம் வருஷத்து ராஜ்யாந்தரத் தொழிலாளர் சட்டம், கண்டிராக்டர் மூலம் வருகிறவர்களுக்குப் பிரயாணச் செலவையும், ஊர்விட்டு வருவதற்கான ஈட்டுத்தொகையையும் விதித்தது. ஏட்டளவில் நல்ல சட்டம். அதை அமுல் நடத்தத்தான் ஆளில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற் சட்டத் தொகுப்புக்கள் அதன் இடத்தை எடுத்துக்கொண்டிருக்கின்றன. கண்டிராக்டர் இல்லாமல் தானே வருகிறவனையும் புதிய சட்டம் இடம்பெயர் தொழிலாளியாக ஒப்புக்கொள்வது முன்னேற்றமே. ஆனால் பழைய சட்டத்தின் ஈட்டுத்தொகை அதில் இல்லை. முன்பு ஐந்து பேர் உள்ள இடத்துக்கே பொருந்திய பாதுகாப்பு, இப்போது பத்துப் பேர் இருந்தால்தான் பொருந்தும். சிறு பட்டறைகள் நிறைந்த ஊர்களில் இவ்வித்தியாசம் சிறிதன்று.

உணவு விஷயத்தில் ஒரு நல்ல மாறுதல் நடந்திருக்கிறது. ஒரே தேசம் ஒரே ரேஷன் கார்டு என்னும் ஏற்பாடு 2019-ல் நான்கு ராஜ்யங்களில் தொடங்கி, 2022 ஜூனுக்குள் தேசம் முழுவதும் பரவியது. 2021 ஜூன் 29-ல் சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்த உத்தரவு இதைத் துரிதப்படுத்தியது. இதன் சிறப்பு, குடும்பத்தின் பங்கைப் பிரித்து வாங்கலாம் என்பதே. பட்டணத்தில் இருப்பவன் தன் பங்கு 5 கிலோவை இங்கே பெறலாம். மீதியை மனைவி ஊரிலே பெறலாம். ஒரு குடும்பத்துக்கு இரண்டு அடுப்பு உண்டு என்பதைச் சர்க்கார் ஒப்புக்கொண்ட முதல் சந்தர்ப்பம் இது எனலாம். ஆனால் 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகையை அளவாக வைத்தே கார்டுகள் வழங்கப்படுவதால், அதன் பிறகு குடும்பமானவர்கள் பலர் கார்டே இல்லாமல் நிற்கிறார்கள். சர்க்காரின் தொழிலாளர் பதிவில் உள்ளவர்களிலேயே சுமார் 8 கோடிப் பேருக்கு ரேஷன் கார்டு இல்லை என்று தெரியவந்து, அவர்களுக்கு வழங்குமாறு சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது.

ரேஷன் அரிசிக்குக் கிடைத்த அந்த நியாயம் வோட்டுக்குக் கிடைக்கவில்லை. ஒருவன் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் வோட்டர் என்பது 1950-ஆம் வருஷத்துச் சட்டம். தற்காலிகமாக வெளியே போவதால் மட்டும் அவ்வுரிமை போய்விடாது என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. பத்து மாதம் திருப்பூரிலும் இரண்டு மாதம் சரணிலும் இருப்பவன் எங்கே வழக்கமாக வசிக்கிறான்? 2025-ல் பீகாரில் நடந்த விசேஷத் தீவிரத் திருத்தத்தின்போது ஆகஸ்ட் 1-ல் வெளியான நகல் ஜாபிதாவில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் சுமார் 36 லட்சம், நிரந்தரமாக இடம் மாறியவர்கள் அல்லது காணப்படாதவர்கள் என்ற தலைப்பில் அடங்கின. மாண்டோர் பெயரையும் இரட்டைப் பதிவையும் நீக்குவது தேர்தல் கமிஷனின் கடமையே. ஆனால் வாசலில் ஆள் இல்லை என்பது ஊரை விட்டுவிட்டான் என்பதற்கு அத்தாட்சி ஆகுமா? அங்கே பெயர் நீங்கி, இங்கே பெயர் ஏறாமல் போனால், அவன் பாரத தேசத்தில் எந்தத் தொகுதிக்கு உரியவன்? அதே திருத்தம் 2025 நவம்பரில் தமிழ்நாட்டிலும் தொடங்கியபோது இக்கேள்வி நம் வாசலுக்கும் வந்தது. இருக்கும் இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வோட்டளிக்கும்படி, 72 தொகுதிகள் வரை ஏற்கும் ஓர் இயந்திரத்தைக் கமிஷன் 2022 டிசம்பரில் அறிவித்தது. கட்சிகள் ஆட்சேபித்தன; விஷயம் அதோடு நின்றது. ஆட்சேபங்களில் சில நியாயமானவை. ஆனால் ராணுவத்தினருக்குத் தபால் வோட்டு அளிக்க வழி கண்ட தேசம், தொழிலாளிக்கு ஒரு வழி காண இயலாது என்று கையை விரிப்பது நியாயமன்று.

இவ்விஷயத்தில் இரண்டு தவறான பரிகாரங்கள் அடிக்கடி கூறப்படுகின்றன. கிராமத்திலேயே வேலை கொடுத்து இவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்பது ஒன்று. கிராமத்தில் வேலை வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் தடுத்து நிறுத்தும் உரிமை யாருக்கும் இல்லை. பாரத பூமியில் எங்கும் செல்லவும் எங்கும் குடியிருக்கவும் அரசியல் சட்டத்தின் 19-ஆவது ஷரத்து ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை அளித்திருக்கிறது. தாழ்ந்த ஜாதியான் என்று ஊரில் ஒதுக்கப்பட்டவனுக்குப் பட்டணமே முதல் சுதந்திரமாக இருந்திருக்கிறது என்பதையும் மறத்தல் கூடாது. கிராமத்தை அறவே மறந்து எல்லாரும் பட்டணத்துக்கு வந்துவிடட்டும் என்பது மற்றொன்று. வியாதி வந்தாலும், வேலை போனாலும், வயதானாலும் தாங்குவதற்குப் பட்டணத்தில் எதுவும் இல்லாத வரை, கிராமத்துக் காணித்துண்டை விடச் சொல்வது ஆற்றின் நடுவில் ஓடத்தை விடச் சொல்வதாகும். போவதா, இருப்பதா, சேர்ந்து வாழ்வதா, பிரிந்து வாழ்வதா என்பதைக் குடும்பமே தீர்மானிக்க வேண்டும். அத்தீர்மானத்தைக் கடனும் வாடகையும் செய்யக் கூடாது.

செய்யவேண்டியவை தெளிவானவை. நிலத்தில் பாடுபடும் பெண்ணைப் பட்டா இல்லாவிடினும் விவசாயி என்று பதிவு செய்து, கடனும் உதவியும் அவளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். தொழிற்பேட்டை அமைக்கும்போதே குடும்பங்களுக்கான வாடகை வீடுகளும், குழந்தைக் காப்பகமும், இரண்டு மொழி அறிந்த உபாத்தியாயர் உள்ள பள்ளியும் அதன் பகுதியாக இருக்க வேண்டும். பருவகால விடுதிகள் புறப்பாடு மிகுந்த ஒவ்வொரு ஜில்லாவிலும் வேண்டும். அனுப்பும் ராஜ்யமும் ஏற்கும் ராஜ்யமும் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு, முன்பணக் கணக்கையும் கூலியையும் பரிசோதிக்கும் உத்தியோகஸ்தர்களை நியமிக்க வேண்டும். பண்டிகைக் காலத்தில் ஜெனரல் பெட்டிகளை அதிகப்படுத்துவது கூட இவற்றில் ஒன்றே. வருஷத்தில் ஒரு முறை மனைவி மக்களைப் பார்க்கப் போகிறவன் கழிப்பறை வாசலில் நின்று போவது குடியரசுக்கு அழகன்று.

தமிழராகிய நமக்கு இதில் விசேஷப் பொறுப்பு உண்டு. கங்காணிகளோடு இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் போனவர்கள் நம்மவர். பம்பாய் தாராவியில் தோல் பதனிட்டுக் குடியேறியவர்கள் நம் திருநெல்வேலிச் சீமையார். இன்றும் தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களும், ராமநாதபுரத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களும் நம்மவரே. பிறர் ஊரில் நம்மவர் பட்ட கஷ்டம் நமக்குத் தெரியும். 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரப்பப்பட்டபோது, பலர் பயந்து ரயிலேறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துச் செய்தி பொய் என்று கண்டார்கள். செய்தி பொய்தான், ஆனால் ஒரே இரவில் மூட்டை கட்டத் தூண்டிய பயம் பொய்யன்று. இவ்வூரில் தனக்கென்று பேச ஒருவர் உண்டு என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்திருந்தால், அந்தப் படங்கள் அவர்களை அசைத்திருக்குமா? தேசபக்தர்களும், தொழிற்சங்க ஊழியர்களும், வாலிபர் சங்கத்தாரும் யோசிக்க வேண்டிய கேள்வி இது. ஒரு தெருவில் உள்ள வடநாட்டுத் தொழிலாளரின் பெயரையும் ஊரையும் அறிந்து, கூலித் தகராறில் அவர்கள் பக்கம் நிற்பது, ஆயிரம் மேடைப் பிரசங்கங்களை விட மேலான தேச சேவையாகும்.

சட்டம் ஒவ்வொருவனுக்கும் ஒரே விலாசத்தை அறியும். ஜீவனம் இக்குடும்பங்களுக்கு இரண்டைக் கொடுத்திருக்கிறது. இரண்டு இடத்திலும் உழைத்து, இரண்டு இடத்திலும் வரி செலுத்தி, இரண்டு இடத்திலும் பாதிப் பிரஜையாக வாழ்கிறவர்களை, எந்த இடத்தில் இருந்தாலும் முழுப் பிரஜையாக நடத்துவதே சுதந்திரத்தின் பொருள். அடுப்பு இரண்டாயிருப்பினும் குடும்பம் ஒன்று. ராஜ்யங்கள் பலவாயினும் தேசம் ஒன்று. முன்னதை உணராதவர்கள் பின்னதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.